ஹவுசா வீட்டில் துவோ சாப்பிடப் போகிறவருக்கு

கேள்வி சுருக்கமாக இது: நைஜீரியாவின் கானோ நகரத்துக்கு வேலைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. கூட வேலை பார்க்கும், ஹவுசா இனத்து நண்பர் சனிக்கிழமை ராத்திரி குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். "துவோ ஷின்காஃபா, மியான் குக்கா" என்றாராம். அது என்ன சாப்பாடு, எப்படிச் சாப்பிடுவது, மனைவி சைவம், அவருக்கு ஏதாவது தேறுமா, பிடித்துப்போனால் நம் வீட்டில் செய்ய முடியுமா?

முதலில், போய்விட்டு வாருங்கள். வயிறு சரியில்லை என்று தட்டிக்கழிக்க வேண்டாம். நான் கானோவில் 11 வருடம் குடும்பம் நடத்தினவள். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த நட்பில் பாதி பக்கத்து வீட்டு ஹாஜியாவின் அடுப்படியில் மணைபோட்டு உட்கார்ந்திருந்தபோது கிடைத்ததுதான். ஹாஜியா என்பது பெயர் இல்லை, மெக்கா போய்வந்த பெண்ணுக்கு மரியாதைப் பட்டம். போகாத பெரிய மனுஷிகளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். துவோ என்றால் களி. அவ்வளவுதான், இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஷின்காஃபா என்றால் அரிசி. ஆக இது அரிசிக் களி, ஆனால் திருவாதிரைக்குச் செய்கிற வெல்லக் களியை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், கேப்பைக் களி உருண்டை வெள்ளை வெளேரென்று இருந்தால் எப்படியோ அப்படி. சோளத்தில் செய்தால் துவோன் தாவா, கம்பில் செய்தால் துவோன் கேரோ, மக்காச்சோளத்தில் செய்தால் துவோன் மசாரா. மியா என்றால் குழம்பு. மியான் குக்கா என்றால் குக்கா போட்ட குழம்பு. குக்கா என்ன என்பதற்குப் பின்னால் வருகிறேன், அது கொஞ்சம் பெரிய கதை.

துவோவில் உப்பு கிடையாது. என் வீட்டுக்காரர் முதல் தடவை சாப்பிடப் போன இடத்தில், குழம்பைத் தொடாமல் வெறும் துவோவைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டு, "கொஞ்சம் உப்பு இருக்கிறதா" என்று கேட்டுவைத்தார். சிரித்துவிட்டார்களாம். உப்பு, காரம், கொழுப்பு, வாசனை எல்லாமே குழம்பின் பொறுப்பு. துவோவின் வேலை சப்பென்று இருப்பது, பதமாக இருப்பது, கையில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் இறங்குவது. ஒரு வீட்டுச் சமையல் நன்றாக இருந்தது என்று அங்கே யாராவது சொன்னால், பேச்சு மியாவைப் பற்றி. துவோ சரியாக வந்திருந்தால் அதைப் பற்றி யாரும் வாயே திறக்க மாட்டார்கள், கட்டிதட்டினால்தான் பேச்சு வரும்.

அடுத்து, மெல்லாதீர்கள். நம் ஊரிலும் களியை மெல்லுகிறவனைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிப்பார்கள் இல்லையா, அதே விஷயம்தான். நைஜீரியாவில் இந்த வகைச் சாப்பாடு முழுவதையும் ஆங்கிலத்தில் "ஸ்வாலோ" என்றே சொல்கிறார்கள், அதாவது விழுங்குவது. சின்ன உருண்டையாகக் கிள்ளி, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி, குழம்பில் ஒரு புரட்டு, வாய், தொண்டை. இந்த ஒரு வாய்க்கு அவர்கள் சொல்லும் பேர் லோமா, நம் கவளம். பெரிய கவளமாக எடுத்தால் நெஞ்சில் அடைக்கும், பேராசைக்காரர் என்ற பேரும் வரும்.

இப்போது அரிசி. வீட்டில் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள், பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான், நானும் சறுக்கினேன். நைஜீரியக் கடைகளில் பெரிய மூட்டையில் விற்கும் அரிசி பெரும்பாலும் புழுங்கல், நீளமான மணி, வெந்தாலும் உதிரி உதிரியாக நிற்கும். அது தக்காளிக் குழம்பு ஊற்றிச் சாப்பிடும் சோற்றுக்கும் ஜொல்லோஃப் என்கிற தக்காளிச் சாதத்துக்கும். அதைப் போட்டுத் துவோ கிண்டினால் நாள் முழுக்கக் கிண்டிக்கொண்டே இருக்கலாம், நொய்க் கஞ்சி மாதிரி வருமே தவிர உருண்டை பிடிக்காது. நான் ஊரிலிருந்து சுமந்துகொண்டு போன இட்லி அரிசியில் முயற்சி செய்து பார்த்தேன். ஹாஜியா வந்து பானையை எட்டிப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, தன் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் அரிசி கொடுத்தனுப்பினார். குட்டை மணி, குண்டு, கொஞ்சம் மங்கல், கையில் எடுத்தாலே தெரிந்துவிட்டது: பச்சரிசி. அதுவும் பொங்கலுக்கு நாம் தேடி வாங்குகிற புதுப் பச்சரிசி மாதிரி, வெந்ததும் குழைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற ரகம். கடையில் "ஷின்காஃபர் துவோ" என்று கேட்டால் அதைத்தான் தருவார்கள். தியா என்ற கிண்ணத்தால் அளந்து போடுவார்கள், நம் படி மாதிரி, மேலே கோபுரமாகக் குவித்து அளப்பது வழக்கம். குவிக்காமல் தலைதட்டினால் சண்டை போடலாம், நான் போட்டிருக்கிறேன்.

உள்ளூர் அரிசியில் கல் இருக்கும். இப்போது கல் நீக்கும் இயந்திரம் வந்துவிட்டது, ஆனாலும் அரித்துப் பார்க்காமல் உலையில் போட வேண்டாம். அவர்கள் சுரைக்குடுக்கைக் கிண்ணத்தில் தண்ணீரோடு அரிசியைச் சுழற்றி, அரிசி மட்டும் அடுத்த பாத்திரத்தில் விழ, கல் அடியில் நிற்கும்படி அரிப்பார்கள். இதற்கு ரெகே என்று தனி வார்த்தையே இருக்கிறது. என் பாட்டி இரண்டு பாத்திரம் வைத்து அரிசி அரிப்பதைப் பார்த்தவள் நான், அதே கை அசைவைக் கானோவில் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

அரிசி அங்கே எப்போதுமே அன்றாடச் சாப்பாடாக இருக்கவில்லை, இதையும் தெரிந்துகொண்டு போங்கள். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு என்று சொந்தமாக ஒரு நெல் இனமே உண்டு, நைஜர் ஆற்றின் உள்நாட்டுக் கழிமுகப் பக்கம் சுமார் 3000 வருடத்துக்கு முன்பே பயிராக்கினார்கள், ஆசிய நெல்லோடு அதற்கு நேரடி உறவு இல்லை. ஆனாலும் ஹவுசா நாடு மழை குறைந்த புன்செய்க் காடு, சாமானியர் வீட்டில் தினமும் வெந்தது சோளமும் கம்பும்தான். அரிசித் துவோ என்றால் பெருநாள், கல்யாணம், குழந்தைக்குப் பேர் வைக்கிற ஏழாம் நாள், இல்லாவிட்டால் வசதியான வீடு. 1970களில் திகா அணை கட்டி கானோ ஆற்றுப் பாசனத் திட்டம் வந்த பிறகு கூரா பக்கமெல்லாம் நெல்வயலாகி, கூரா என்றாலே அரிசி ஆலை என்று ஆகிவிட்டது. 2015இல் அரசு நெல் விவசாயிகளுக்குக் கடன் திட்டம் கொண்டுவந்தது, 2019இல் எல்லைகளை மூடியது, வெளிநாட்டு அரிசி குறைந்து உள்ளூர் அரிசிக்கு மவுசு கூடியது, விலையும் கூடவே ஏறியது. அதனால் இன்றைக்கும் விருந்தாளிக்கு அரிசித் துவோ வைப்பது ஒரு மரியாதை. ஹவுசாவில் ஒரு பழமொழி உண்டு: "துவோன் கிர்மா, மியார்சா நாமா". மரியாதைத் துவோவுக்குக் கறிதான் குழம்பு என்று அர்த்தம். அன்றைக்கு உங்களுக்குக் குழம்பில் கறித்துண்டு கொஞ்சம் அதிகமாகவே மிதக்கும்.

செய்முறை. இரண்டு டம்ளர் பச்சரிசிக்கு ஐந்தரை, ஆறு டம்ளர் தண்ணீர். உலை கொதித்ததும் அரிசியைப் போட்டு, மூடி, மிதமான தீயில் அரை மணி நேரம். தண்ணீர் வற்றி அரிசி மணி உடைந்து குழைய வேண்டும். அப்புறம் தீயைக் குறைத்து மூச்சியாவால் பானைச் சுவரோடு அழுத்தி அழுத்தித் தேய்க்க வேண்டும். மூச்சியா என்பது நீளமான மரத் துடுப்பு, நம் களிக்கிண்டும் துடுப்பின் அக்கா. குத்தக் கூடாது, தேய்க்க வேண்டும், இதற்காக ஹாஜியாவிடம் பலமுறை திட்டு வாங்கினேன். ஒரு சுற்று தேய்த்துவிட்டு மூடி ஐந்து நிமிடம் புழுங்க விடுங்கள், மறுபடியும் ஒரு சுற்று. தளர்வாக இருந்தால் ஒரு கை அரிசிமாவைத் தூவிக் கிண்டுகிறவர்களும் உண்டு. என் கணக்கில் அது தண்ணீர் அளவு தப்பியதை மறைக்கிற வேலை. குக்கரில் வைக்கலாமா என்றால் வைக்கலாம், நானே வைக்கிறேன், ஆனால் விசில் அடங்கியதும் திறந்து தண்ணீர் வற்றும் வரை அடுப்பில் வைத்த பிறகுதான் தேய்க்க ஆரம்பிக்க வேண்டும். கடைசியில் ஈரக் கிண்ணத்தில் ஒரு அகப்பை போட்டு உருட்டிக் கவிழ்த்தால் மல்மலா தயார், அதாவது ஒரு ஆள் அளவு உருண்டை. ஆறினால் மேல்தோல் காய்ந்துவிடும், அதனால் மெல்லிய பாலித்தீன் தாளில் சுற்றிச் சூட்டுப் பெட்டியில் அடுக்கிவிடுவார்கள்.

இனி குக்கா. குக்கா என்பது மரம். தமிழில் ஆனைப்புளி, பப்பரப்புளி, பெருக்கமரம் என்றெல்லாம் சொல்கிற, அடிமரம் யானை மாதிரி பெருத்த மரம் இருக்கிறதே, மன்னார் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், அதேதான். நம் ஊரில் அதை வேடிக்கை பார்ப்பதோடு சரி. ஹவுசாக்காரர்களுக்கு அது கீரைத் தோட்டம். மழைக்காலத்தில் இலை தளிர்த்ததும் ஆட்கள் ஏறிக் கழிக்கிறார்கள், இலையைக் காயவைத்து இடித்துச் சலித்தால் வருஷம் முழுவதற்கும் பொடி. நிழலில் காய்ந்தது பச்சையாக இருக்கும், வெயிலில் காய்ந்தது பழுப்படித்துப் போகும், வாங்கும்போது நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். இந்த மரத்தின் பேரால் ஊர்கூட உண்டு, 1814இல் போர்னு என்ற பழைய அரசின் தலைநகராக எழுந்த குக்காவா. இணையத்தில் சத்துமாவு என்று விற்கிற பாவோபாப் (இந்த மரத்தின் ஆங்கிலப் பேர்தான்) பொடியை வாங்கி இந்தக் குழம்பை வைக்க முயலாதீர்கள், அது பழச்சதைப் பொடி, புளிக்கும். நம் ஆட்கள் மரத்துக்குப் புளி என்று பேர் வைத்ததே அந்தப் பழத்தால்தான். குழம்புக்கு வேண்டியது இலைப்பொடி, அதில் புளிப்பே இல்லை. முருங்கைக்கீரையையும் வெண்டைக்காயையும் சேர்த்து அரைத்தால் என்ன மணம் வருமோ ஏறக்குறைய அது.

குழம்பு வைப்பது சுலபம், கெடுப்பது அதைவிடச் சுலபம். கறியை வெங்காயம், உப்பு போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரிலேயே இடித்த மிளகாய், கருவாடு, தத்தவா என்கிற நொதித்த விதை உருண்டை, கொஞ்சம் செம்பனை எண்ணெய் அல்லது கடலை எண்ணெய் எல்லாம் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். மிளகாயில் இரண்டு முக்கியம், தத்தாசை என்கிற பெரிய சிவப்பு மிளகாய் நிறத்துக்கு, அத்தருகு என்கிற குட்டைக் குண்டு மிளகாய் காரத்துக்கு. அத்தருகுவை நம் பச்சை மிளகாய்க் கணக்கில் போட்டுவிடாதீர்கள், காது வழியாகப் புகை வரும். எல்லாம் கொதித்து அடங்கியதும் தீயை நன்றாகக் குறைத்து, இடது கையால் குக்காப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ, வலது கையால் மபுர்கியைச் சுழற்ற வேண்டும். மபுர்கி வேறொன்றும் இல்லை, மத்துதான், நுனியில் பல்பல்லாகக் கிளைத்த ஒரு குச்சி. பழக்கமில்லாதவர்கள் ஒரு ஆளைத் தூவச் சொல்லிவிட்டு இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துக் கடையலாம், நான் கடைசி வரைக்கும் அப்படித்தான். ஒரே நேரத்தில் பொடியைக் கொட்டினால் கட்டி தட்டிவிடும், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் கரைக்க முடியாது. ஒரு லிட்டர் குழம்புக்கு மூன்று மேஜைக்கரண்டி பொடி என் அளவு. ஐந்து நிமிடத்துக்கு மேல் கொதிக்க வேண்டாம். கரும்பச்சையாக, கரண்டியைத் தூக்கினால் நூல் மாதிரி இழுத்துக்கொண்டு வரும். அந்த இழுவைக்கு யௌக்கி என்று பேர். வெண்டைக்காயில் வழவழப்பு போக வேண்டும் என்று புளித்தண்ணீர் தெளித்து வதக்குகிற பரம்பரை நாம். அவர்களுக்கோ வழவழப்பு இல்லாவிட்டால் அது மியாவே இல்லை, இழுவை போதாவிட்டால் கன்வா என்கிற உவர்க்கல்லைத் துளி கரைத்து ஊற்றியாவது வரவழைப்பார்கள். முதல் கவளத்தில் உங்கள் மூளை எதிர்க்கும். மூன்றாவது கவளத்தில் புரியும், அந்த வழவழப்புதான் களியைத் தொண்டையில் இறக்குகிற வண்டி.

பரிமாறும்போது கரும்பச்சைக் குழம்பின் மேல் ஒரு கரண்டி சிவப்புத் தக்காளிக் குழம்பும், அதன் மேல் ஒரு கரண்டி மன் ஷானுவும் விடுவார்கள். மன் ஷானு என்றால் மாட்டு நெய், ஃபுலானி மாட்டுக்காரப் பெண்கள் கொண்டுவந்து விற்பது, நம் உருக்கிய வெண்ணெயைவிடக் கொஞ்சம் முடைநாற்றம் தூக்கலாக இருக்கும். ஓரத்தில் யாஜி, அதாவது மிளகாய், இஞ்சி, கிராம்பு எல்லாம் இடித்த காரப்பொடி. நம் ஆட்களுக்கு இட்லிப்பொடி நினைவு வரும்.

தத்தவாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டு வாசலில் உங்களை முதலில் வரவேற்பது அந்த நாற்றம்தான். டொராவா என்ற மரத்தின் விதையை மணிக்கணக்கில் வேகவைத்து, தோல் நீக்கி, மறுபடி வேகவைத்து, மூடி இரண்டு மூன்று நாள் நொதிக்க விட்டால் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஆகும், அதை உருண்டை பிடித்துக் காயவைப்பார்கள். ஜப்பான்காரர்களின் நாத்தோ என்கிற சோயாப் பண்டத்தைப் புளிக்கவைக்கிற அதே பாசில்லஸ் வகை நுண்ணுயிர்தான் இதிலும் வேலை செய்கிறது. நான் ஆறு மாதம் வரை இதைக் கருவாடு என்றே நினைத்து என் வீட்டு அலமாரிப் பக்கம் வரவிடவில்லை. முழுச் சைவம் என்று தெரிந்த அன்றைக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெருங்காயத்தை டப்பாவோடு மோந்து பார்த்தால் யாருக்குப் பிடிக்கும், எண்ணெயில் விழுந்தால்தானே அதன் குணம் தெரிகிறது, தத்தவாவும் அப்படி. இப்போது பல வீடுகளில் மேகி கட்டி இதன் இடத்தைப் பிடித்துவிட்டது, அந்தக் குழம்பு எனக்கு ஓட்டல் சாம்பார் மாதிரித்தான் இருக்கிறது.

துவோ ஷின்காஃபாவுக்கு இன்னொரு ஜோடி மியான் தௌஷே, என்னைக் கேட்டால் அதுதான் மேல். பூசணியைக் குழைய வேகவைத்து, இடித்த வேர்க்கடலை, தக்காளி, மிளகாய், அலய்யஹூ என்கிற தண்டுக்கீரை வகை, யாகுவா என்கிற நம் புளிச்சகீரை எல்லாம் சேர்ந்த கெட்டிக் குழம்பு. பூசணியின் இனிப்பும் புளிச்சகீரையின் புளிப்பும் கடலையின் கொழுப்பும் சேர்கிற இடத்தில் ஆந்திராக்காரர்கூட வாயடைத்துப் போவார். சந்தையில் ஒரு எச்சரிக்கை: பூசணி கபேவா, வெண்டைக்காய் குபேவா. நான் ஒரு எழுத்தை மாற்றிச் சொல்லிவிட்டு இரண்டு கிலோ வெண்டைக்காயோடு வீடு வந்திருக்கிறேன். இதே தௌஷேவை மாசா என்கிற பண்டத்துக்கும் தொட்டுக்கொள்வார்கள். அரிசியை ஊறவைத்து அரைத்துப் புளிக்கவைத்து, குழிக்கல்லில் எண்ணெய் விட்டு ஊற்றித் திருப்பிப் போட்டு எடுப்பது. ஆமாம், பணியாரம். குழி கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்று ஆராய்ச்சியில் இறங்காதீர்கள், அரிசியும் புளிப்பும் குழிச்சட்டியும் உள்ள எந்த ஊரிலும் பாட்டிகள் இதைக் கண்டுபிடித்துத்தான் தீருவார்கள்.

இப்போது உங்கள் மனைவி. நேராகச் சொல்கிறேன், அன்றைக்கு வைக்கிற குக்காக் குழம்பில் கறித்தண்ணீர் இல்லாமல் இருக்காது. கறியை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாமே என்பார்கள், அது நமக்கு ஒத்துவராது என்பதை அவர்களுக்கு விளக்குவது கஷ்டம். சாப்பிட உட்கார்ந்த பிறகு சொன்னால் அந்த வீட்டம்மாவுக்கு முகம் விழுந்துவிடும். இரண்டு நாள் முன்னதாகவே நண்பரிடம் சொல்லிவிடுங்கள், "பா தா சின் நாமா, பா தா சின் கீஃபீ" என்று: அவள் கறி சாப்பிட மாட்டாள், மீன் சாப்பிட மாட்டாள். மீனையும் தனியாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கறி இல்லாமல் கருவாடு போட்டு வைத்துவிட்டு, சைவம்தான் என்று சந்தோஷமாகப் பரிமாறுவார்கள். கடலையும் பூசணியும் போட்ட தௌஷேவைக் கறியில்லாமல் ஒரு சின்னப் பானையில் தனியாக வைப்பது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு சைவப் பெண்மணி மூன்று வருடம் அப்படித்தான் பெருநாளுக்குப் பெருநாள் சாப்பிட்டார்.

உட்காருகிற முறை வீட்டுக்கு வீடு மாறும். நகரத்துப் படித்த குடும்பமாக இருந்தால் மேஜை, தனித்தட்டு, ஸ்பூன்கூட இருக்கும், செமோலினா மாவில் ஐந்து நிமிடத்தில் கிண்டிய துவோகூட இருக்கலாம். பழைய நகரச் சுவருக்குள் இருக்கிற வீடு என்றால் வேறு. வாசலை ஒட்டி ஸௌரே என்று ஒரு முன்னறை இருக்கும், ஆண் விருந்தாளிகளுக்கு எல்லை அது. உங்களை அங்கே பாயில் உட்காரவைப்பார்கள், உங்கள் மனைவியை ஒரு சின்னப் பெண் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடும். பிரித்துவிட்டார்களே என்று மனைவி பதற வேண்டாம், உள்ளேதான் வீடே இருக்கிறது, சிரிப்பும் சத்தமும் குழந்தைகளும் அடுப்பும் அங்கே. வீட்டுக்காரருக்கு இரண்டு மனைவிகள் இருக்கலாம். மூத்தவர் உவர்கிடா, புதிதாக வந்தவர் அமார்யா. சமையல் முறைவைத்து மாறும், அதற்குக் கிர்கி என்று சொல்வார்கள், அன்றைக்கு யார் முறையோ அவர் சமையல்தான் எல்லோருக்கும். உங்கள் மனைவி யார் சமைத்தது என்று தெரியாமல் ஒருவரைப் பார்த்து மட்டும் புகழ்ந்துவிடாமல் இருந்தால் நல்லது, நான் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். எல்லோருக்கும் பொதுவாக "சன்னு தா ஐக்கி" என்று சொன்னால் போதும், வேலை செய்கிறவருக்குச் சொல்கிற வாழ்த்து அது.

சூரியன் மறைந்ததும் தொழுகிற மக்ரிப் தொழுகை முடிந்ததும் சாப்பாடு வரும். ஆண்கள் எல்லோருக்கும் பெரிய தாம்பாளத்தில் துவோ, நடுவில் அல்லது தனிக் கிண்ணத்தில் மியா. கெண்டியிலிருந்து ஒரு பையன் தண்ணீர் ஊற்றுவான், கை கழுவுங்கள், பெரியவர் "பிஸ்மில்லா" சொன்ன பிறகு தொடுங்கள். வலது கை மட்டும். உங்களுக்கு நேராக இருக்கிற பகுதியில் மட்டும் எடுக்க வேண்டும், எதிர்ப்பக்கம் கை நீட்டுவது அசிங்கம். கறித்துண்டுகளை முதலிலேயே வேட்டையாடாதீர்கள். நான் பழகிய வீடுகளில் களி தீரும் தறுவாயில் பெரியவர் அதைப் பிய்த்து ஆளுக்கொரு துண்டாக முன்னால் வைப்பார், விருந்தாளிக்குப் பெரிய துண்டு. நூல் மாதிரி இழுக்கிற குழம்பைக் கையில் எடுத்ததும் மணிக்கட்டை லேசாகத் திருப்பிக் கிண்ணத்தின் விளிம்பில் தொட்டால் இழை அறுந்துவிடும், இது தெரியாமல் என் வீட்டுக்காரர் சட்டை முழுக்கப் பச்சைக் கோலம். பேச்சு குறைவாக இருக்கும், கோபம் என்று நினைக்க வேண்டாம், சாப்பிடும்போது சாப்பாடு. போதும் என்றால் "நா கோஷி", வயிறு நிறைந்தது. ஒரு தடவை சொன்னால் விட மாட்டார்கள், மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கும், இதில் நமக்குப் பழக்கம் உண்டு.

தாம்பாளத்தைத் துடைத்துக் காலி செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. வாசலில் சின்னப் பையன்கள் பிளாஸ்டிக் கிண்ணத்தோடு நிற்பார்கள், அல்மாஜிரி என்கிற குர்ஆன் பள்ளி மாணவர்கள், ஊர்விட்டு ஊர் வந்து ஓதுகிறவர்கள், சாப்பாட்டுக்கு வீடு வீடாகத்தான் போக வேண்டும். மீந்தது அவர்களுக்குப் போகும். அந்தக் குழந்தைகளைப் பார்த்துவிட்டு வயிறு நிறையச் சாப்பிட எனக்கு ரொம்ப நாள் மனசு வரவில்லை, கானோவில் வாழ்கிற எல்லோருக்கும் இது ஒரு சங்கடம்தான்.

வெறுங்கையோடு போகாதீர்கள். பழமோ, நல்ல பேரீச்சையோ, குழந்தைகளுக்கு பிஸ்கட்டோ போதும். நான் முறுக்கு கொண்டுபோவேன், அந்தத் தெருவில் எனக்குப் பேரே அதுதான்.

வீட்டில் செய்ய ஆரம்பிப்பதானால் குக்காவோடு ஆரம்பிக்காதீர்கள். வெண்டைக்காய்க் குழம்பு, மியான் குபேவா, அதுதான் நம் அடுப்புக்குப் பக்கம். பிஞ்சு வெண்டைக்காயைத் துருவி அல்லது இடித்துக் கொதிக்கிற மிளகாய்க் குழம்பில் போட்டு, மூடாமல், ஐந்து நிமிடம். சைவமாக வைக்கலாம், தத்தவா ஒரு துண்டு போட்டால் கறி இல்லாத குறை தெரியாது. கோடையில் வெண்டைக்காயை வட்டமாக நறுக்கி வற்றல் போடுகிறோம் இல்லையா, அவர்களும் போடுகிறார்கள், பொரிக்காமல் இடித்துப் பொடியாக்கி வைத்துக் குழம்பில் தூவுகிறார்கள். ஊருக்கு வரும்போது குக்காப் பொடியும் தத்தவாவும் கொண்டுவர ஆசைப்பட்டால் தவனாவ் தானியச் சந்தையில் வாங்குங்கள், தத்தவாவை மட்டும் மூன்று பைக்குள் கட்டி, புடவைகளிலிருந்து தூரமாக வையுங்கள்.

சனிக்கிழமை கிளம்பும்போது கையில் ஒரு தூக்கு கொடுத்தனுப்புவார்கள், இரண்டு மல்மலாவும் கொஞ்சம் குழம்பும் இருக்கும். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் துவோவைக் கட்டியாக உடைத்துக் குழம்போடு சேர்த்துச் சின்னத் தீயில் சட்டி அடியில் லேசாகப் பிடிக்கும் வரை சூடு பண்ணுங்கள். அதற்கு துமாமே என்று பேர், அங்கே நிறையப் பேருக்குக் காலைப் பலகாரமே அதுதான், நமக்குப் பழையது மாதிரி. ராத்திரி சாப்பிட்டதைவிட அது நன்றாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அடியில் பிடித்த காந்தலுக்கு எங்கள் வீட்டில் இன்னும் சண்டை நடக்கிறது.